லினன் ஆடையின் நன்மைகள்: எவை மெய், எவை மிகை?

லினன் ஆடை குளிர்ச்சி தரும், தோலுக்கு நல்லது, கிருமியை அண்டவிடாது, ஒரு முறை வாங்கினால் பல ஆண்டுகள் உழைக்கும் என்றெல்லாம் சொல்கிறார்களே, இவற்றில் எது உண்மை, பருத்தி ஆடை கைவசம் இருக்கும்போது கூடுதல் விலை கொடுத்து லினனை வாங்குவதில் பொருள் உண்டா என்பது கேள்வி. துணிகளைச் சோதித்துத் தரம் பார்க்கும் வேலையில் பல ஆண்டுகள் இருந்தவன் என்ற முறையில், பொருள் உண்டு என்றே சொல்வேன். விளம்பரங்கள் பத்துப் பன்னிரண்டு நன்மைகளை வரிசையாக அடுக்குகின்றன. அவற்றுள் மெய்யானவை பெரும்பாலும் ஒரே காரணத்திலிருந்து பிறப்பவை. லினன் நார் நீரை எப்படி வாங்கிக்கொள்கிறது, வாங்கியதை எப்படித் திருப்பிக் கொடுக்கிறது என்பதே அந்தக் காரணம். அதைப் புரிந்துகொண்டால் எந்தச் சூழலுக்கு லினன் ஏற்றது, எதற்கு ஏற்றதன்று, எப்படித் தேர்ந்தெடுப்பது, எப்படித் துவைப்பது என்பவற்றில் பெரும்பகுதி விளங்கிவிடும்.

முதலில் பெயர்க் குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். லினன் என்பது ஆளிச்செடியின் தண்டிலிருந்து எடுக்கும் நாரால் நெய்த துணி. ஆளிவிதை என்று நாம் அறிந்திருப்பதும் இதே செடி இனத்தின் விதைதான். விதைக்காகப் பயிரிடும் வகை குட்டையாகக் கிளைத்து வளரும், நாருக்காகப் பயிரிடும் வகை கிளைக்காமல் ஏறத்தாழ ஒரு மீட்டர் உயரத்துக்கு நெடுநெடுவென்று வளரும். பழைய மொழிபெயர்ப்புகள் சிலவற்றில் இதைச் சணல்நூல் என்று எழுதியிருப்பதால் சாக்குப்பை நெய்யும் சணலும் லினனும் ஒன்றே என்று எண்ணுபவர்கள் உண்டு. இரண்டும் தண்டு நார்களே என்றாலும் செடி வேறு, நாரின் மென்மையும் வேறு. தாவரவியலாளர் லின்னேயஸ் 1753-இல் இந்தச் செடிக்கு இட்ட லத்தீன் பெயர் லினம் உசிட்டாட்டிஸிமம். மிகமிகப் பயன்படுவது என்பது அதன் பிற்பாதிக்குப் பொருள். அந்த லினம் என்ற சொல்லிலிருந்தே லினன் வந்தது. தையற்காரர் சட்டைக்கு உள்ளே கொடுக்கும் லைனிங் என்ற சொல்லும் ஒரு காலத்தில் உள்துணியாக லினனே கொடுக்கப்பட்டதால் பிறந்தது.

பருத்தி விதையைச் சுற்றி வளரும் பஞ்சு. ஓர் இழை பெரும்பாலும் இரண்டு மூன்று சென்டிமீட்டர் நீளமே இருக்கும், காய்ந்தவுடன் தட்டையாகி ரிப்பன் போல முறுக்கிக்கொள்ளும். ஆளிநார் செடியை நிமிர்த்தி நிறுத்துவதற்காக இயற்கை உருவாக்கிய நார். இதன் தனி இழைகளும் குட்டையானவைதான். ஆனால் அவை இயற்கைப் பசையால் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு, தண்டின் நீளத்துக்கு, அதாவது அரை மீட்டருக்கும் மேலான கற்றைகளாக ஓடுகின்றன. அந்த நீண்ட கற்றைகளைச் சீவி நூற்பதால் நூலின் மேல் துருத்தி நிற்கும் இழைமுனைகள் குறைவு. லினன் துணியைத் தொட்டவுடன் தோன்றும் வழவழப்பும், மெல்லிய பளபளப்பும், சில்லென்ற உணர்வும் இதனால் வருபவை. பருத்தித் துணியில் கண்ணுக்குத் தெரியாத பூம்பஞ்சு போன்ற முனைகள் தோலுக்கும் துணிக்கும் இடையில் காற்றைப் பிடித்துவைக்கின்றன. லினனில் அவை குறைவாக இருப்பதால் துணி தோலை நேராகத் தொட்டு, தொட்ட கணத்தில் உடலின் சூட்டைச் சிறிது வாங்கிக்கொள்கிறது. கடையில் துணியைக் கன்னத்தில் வைத்துப் பார்ப்பவர்களுக்கு இது உடனே தெரியும். ஆயினும் இந்தச் சில்லிப்பு சில நொடிகளுக்குத்தான். நாள் முழுவதும் லினன் தரும் ஆறுதலுக்குக் காரணம் வேறு.

அந்தக் காரணம் வியர்வை. ஓய்வாக அமர்ந்திருக்கும் வளர்ந்த ஒருவரின் உடல் ஏறத்தாழ 100 வாட் அளவுக்கு வெப்பத்தை இடைவிடாமல் வெளியேற்றியாக வேண்டும். சுற்றியுள்ள காற்று உடலைவிடக் குளிர்ந்திருந்தால் வெப்பம் தானாகவே வெளியேறும். காற்றின் வெப்பம் 35 டிகிரியை நெருங்கும்போது அந்த வழி அடைபட்டு, வியர்வை ஆவியாவது ஒன்றே வழியாக மிஞ்சுகிறது. ஒரு கிராம் வியர்வை தோலின் மேல் ஆவியாகும்போது ஏறத்தாழ 2,400 ஜூல் வெப்பத்தை எடுத்துச் செல்கிறது. கணக்கிட்டுப் பார்த்தால், அந்த 100 வாட்டையும் வெளியேற்ற மணிக்கு 150 கிராம் வியர்வை ஆவியானால் போதும். ஆவியாக வேண்டும் என்பதுதான் முக்கியம். சொட்டி விழும் வியர்வையாலும் உள்ளேயே தேங்கி நிற்கும் வியர்வையாலும் உடலுக்கு ஏறத்தாழ ஒரு பயனும் இல்லை. ஆகவே வெயில் காலத்து ஆடையை மதிப்பிடும்போது நான் முதலில் கேட்கும் கேள்வி, அது வியர்வை ஆவியாவதற்கு வழி விடுகிறதா என்பதே.

இந்தக் கேள்விக்கு லினன் இரண்டு விதமாக விடை தருகிறது. முதலாவது, நார் தன்னுள் வாங்கும் ஈரம். 20 டிகிரி வெப்பமும் 65 சதவீத ஈரப்பதமும் உள்ள அறையில் வைத்து அளந்து, வணிகத்துக்கென ஏற்றுக்கொண்டிருக்கும் கணக்குப்படி, 100 கிராம் உலர்ந்த ஆளிநார் 12 கிராம் நீரைத் தன்னுள் வைத்திருக்கும். பருத்திக்கு அது 8.5 கிராம், பாலியெஸ்டருக்கு 0.4 கிராம். இது நனைந்த துணியின் கணக்கன்று என்பதைக் கவனிக்க வேண்டும். கையால் தொட்டால் உலர்ந்ததாகத் தோன்றும் நிலையிலேயே நாருக்குள் அவ்வளவு நீர் இருக்கிறது. எனவே வியர்வை துளியாகத் திரள்வதற்கு முன், ஆவி நிலையில் தோலிலிருந்து கிளம்பும்போதே லினன் அதை வாங்கத் தொடங்கிவிடுகிறது. முதுகில் துணி ஒட்டிக்கொண்டது என்ற உணர்வு வருவதற்கு வெகுநேரம் ஆகிறது. இரண்டாவது, வாங்கிய நீரைப் பரப்பும் வேகம். இதை வீட்டிலேயே பார்த்துவிடலாம். பலமுறை துவைத்த லினன், பருத்தி, பாலியெஸ்டர்த் துணிகளை மூன்று கிண்ணங்களின் மேல் பரத்தி, ஒவ்வொன்றிலும் ஒரே அளவுத் துளி நீரை விட்டுப் பாருங்கள். பக்குவம் செய்யாத பாலியெஸ்டரில் துளி சிறிது நேரம் மணி போல நிற்கும். பருத்தி அதை உறிஞ்சி வட்டமாக வைத்துக்கொள்ளும். லினனில் துளி விழுந்த இடத்திலிருந்து நீளவாக்கில் ஓடும் பாவு நூல் வழியாகவும் குறுக்கே ஓடும் ஊடை நூல் வழியாகவும் ஈரம் ஓடி, சிலுவை போல நீண்டு பரவுவதைக் கண்ணால் காணலாம். நீண்டு நேராகக் கிடக்கும் இழைகளின் இடைவெளி நீருக்கு ஓடைபோல அமைந்துவிடுவதே இதற்குக் காரணம். பரப்பு பெரிதானால் ஆவியாவது விரைவு என்பதால், சற்றுத் தளர்வாக நெய்த லினன் அதே கனமுள்ள இறுக்கமான பருத்தியைவிட முன்னதாகக் காய்ந்துவிடுகிறது.

இவற்றோடு சேர்த்துச் சொல்ல வேண்டியது துணியின் விறைப்பு. ஆளிநார் எளிதில் வளையாது. அதனால் லினன் சட்டை உடலின் மேல் படிந்து ஒட்டாமல், தோள்பட்டையிலிருந்து சற்று விலகி நிற்கிறது. நடக்கும்போது அந்த இடைவெளியில் காற்று உள்ளே புகுந்து வெளியேறுகிறது. இந்த நன்மையைப் பெற வேண்டுமானால் தையல் தளர்வாக இருக்க வேண்டும். உடலைக் கவ்விப் பிடிக்கும்படி தைத்த லினன் சட்டையை அணிந்துகொண்டு, லினனில் அப்படியொன்றும் வேறுபாடு தெரியவில்லையே என்று கூறியவர்கள் பலரைப் பார்த்திருக்கிறேன். குறை துணியில் இல்லை. அளவு கொடுத்ததில் இருந்தது.

எல்லாச் சூழலிலும் இது இப்படியே நடக்கும் என்று நான் சொல்ல மாட்டேன். காற்றில் ஈரம் நிறைந்து, ஒரு அசைவும் இல்லாமல் புழுங்கும் நேரத்தில் எந்தத் துணியிலிருந்தும் நீர் விரைந்து ஆவியாகாது. அப்போது லினனும் நனைந்துதான் போகும், பிற துணிகளைவிடச் சற்றுக் குறைவாக ஒட்டும் என்பதே அதன் பயன். ஓட்டம், கடும் உடற்பயிற்சி போன்றவற்றில் மணிக்கு ஒரு லிட்டர் அளவுக்குக்கூட வியர்க்கலாம். அந்த வெள்ளத்தை லினன் தன்னுள் வாங்கிக் கனத்துவிடும், அத்தகைய வேலைக்கு மெல்லிய செயற்கை இழை ஆடைகளே பொருத்தம். கடுங்குளிருக்கு லினனை மட்டும் நம்பக் கூடாது. வெயிலின் புற ஊதாக் கதிரைத் தடுப்பதிலும் வெளிர் நிறத்தில் தளர்வாக நெய்த லினன் சிறந்ததன்று. துணியை வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்தால் நூல்களுக்கு இடையே ஒளி தெரிந்தால், அந்தக் கதிரும் அதே வழியாக வரும். நெடுநேரம் நேர் வெயிலில் நிற்க வேண்டியவர்கள் அடர்த்தியான நெசவையும் ஆழ்ந்த நிறத்தையும் தேர்ந்தெடுக்க வேண்டும்.

தோலுக்கு நல்லதா என்பதற்கும் இதே போல நிதானமாகவே விடை கூற வேண்டும். வியர்வை தேங்குவதாலும், ஈரத் துணி உரசுவதாலும் வரும் எரிச்சலும் வேர்க்குருவும் லினனால் குறைய வாய்ப்பு உண்டு, ஏனெனில் தோல் உலர்ந்திருக்கிறது, துணியும் விலகி நிற்கிறது. ஆனால் புதிய லினன், அதிலும் கனத்த நூலில் நெய்தது, முதல் சில சலவைகள் வரை முரடாகவே இருக்கும். நாரின் மேல் எஞ்சியுள்ள பசைப் பொருளும் கஞ்சியும் போன பிறகே குழையும். கரப்பான் போன்ற தோல் நோய் உள்ளவர்கள் புதுத் துணியை நேரே உடலில் போடாமல், நான்கைந்து முறை துவைத்த பின் கழுத்துப் பட்டியிலும் அக்குளிலும் உரசுகிறதா என்று பார்த்து அணிவது நல்லது. இன்னொன்றையும் இங்கே சொல்ல வேண்டும். சுருங்காத லினன் என்ற பெயரில் விற்கும் துணிகள் பலவற்றில் நாரைக் கட்டிப்போடும் பிசின் பூச்சு ஏற்றப்பட்டிருக்கும். அவற்றுள் சில வகைகள் ஃபார்மால்டிஹைடு என்னும் வேதிப்பொருளைச் சிறிதளவு வெளியிடக்கூடியவை, அது சிலருக்கு ஒவ்வாமையைத் தூண்டும். அதே பூச்சு நாரின் வலிமையையும் குறைத்துவிடுகிறது. தோலுக்காகவும் நீண்ட உழைப்புக்காகவும் லினனைத் தேடுபவர்கள் இந்தப் பக்குவத்தைத் தவிர்ப்பதே சரி.

இப்போது மிகைகளுக்கு வருகிறேன். லினன் கிருமிகளைக் கொல்லும் என்று அடிக்கடி எழுதுகிறார்கள். பச்சை நாரில் உள்ள சில பொருள்களுக்கு அத்தகைய இயல்பு சிறிது இருக்கலாம் என்றாலும், ஊறவைத்து, கொதிக்கவைத்து, வெளுத்து, சாயமேற்றிய துணியில் அதை எதிர்பார்த்து நோய்த் தடுப்பாக நம்புவதற்கு இடமில்லை. விரைவில் காய்வதால் நுண்ணுயிர்கள் பெருகுவதற்குக் கிடைக்கும் நேரம் குறைகிறது, பாலியெஸ்டர் போல உடலின் எண்ணெய்ப் பசையை இறுகப் பிடித்து நாற்றத்தைச் சேமித்துவைப்பதில்லை என்ற அளவோடு நிறுத்திக்கொள்வதே நேர்மை. அந்த அளவே மிகப் பெரிய நன்மைதான். நாள் முடிவில் முகர்ந்து பார்த்தால் வேறுபாடு தெரியும்.

இதைவிட எனக்கு வருத்தம் தருவது, லினன் துணிக்கு 5,000 ஹெர்ட்ஸ் அதிர்வெண் உண்டு, மனித உடலுக்கு 100 ஹெர்ட்ஸ் உண்டு, ஆகவே லினனை அணிந்தால் நோய் குணமாகும் என்று பரவும் செய்தி. ஹெர்ட்ஸ் என்பது ஒன்று ஒரு நொடிக்கு எத்தனை முறை அதிர்கிறது என்பதன் அளவு. மேசை மேல் மடித்துக் கிடக்கும் துணி அப்படி எதையும் வெளியிடுவதில்லை, உடல்நலத்தைக் காட்டும் அதிர்வெண் என்ற ஓர் அளவை மருத்துவமும் இயற்பியலும் அறியா. நோயுற்ற ஒருவருக்குச் சிகிச்சைக்குப் பதிலாக லினன் போர்வையை வாங்கிக் கொடுக்கும் அளவுக்கு இது நம்பப்படுவதால்தான் இதை இவ்வளவு வெளிப்படையாக மறுக்கிறேன். படுக்கையில் இருக்கும் நோயாளிக்கு லினன் விரிப்பு சுகமாக இருக்கும் என்பது உண்மை. அந்தச் சுகம் ஈரத்தைத் தேங்கவிடாததால் வருவது.

உழைப்பைப் பற்றிச் சொல்லப்படுவதில் மிகை இல்லை. ஆளிநார் பருத்தியைவிட வலிமையானது. நனைந்தால் அந்த வலிமை இன்னும் ஏறத்தாழ 20 சதவீதம் கூடுகிறது. மரக்கூழிலிருந்து செய்யும் விஸ்கோஸ் ரேயான் இதற்கு நேர்மாறாக நனைந்தவுடன் பெரிதும் தளர்ந்துவிடும், கம்பளியும் பட்டும்கூட ஈரத்தில் வலிமை இழப்பவையே. ஆடைக்கு உண்மையான சோதனை சலவையில்தான் நடக்கிறது. அங்கே வலுக்கூடும் துணி நீண்ட நாள் உழைப்பதில் வியப்பில்லை. தீயணைப்புக்கு ஒரு காலத்தில் ரப்பர் உள்பூச்சு எதுவும் இல்லாமல் லினன் நூலால் மட்டும் நெய்த குழாய்களைப் பயன்படுத்தினார்கள். நீரைத் திறந்தவுடன் முதலில் துணியின் மேல் முழுக்க நீர் கசியும். சிறிது நேரத்தில் நார் நீரைக் குடித்துப் பருத்து, நூல்களின் இடைவெளியை அடைத்துக்கொள்ளும், கசிவு ஏறத்தாழ நின்றுவிடும். கையிலிருந்து கைக்கு ஓயாமல் மாறும் அமெரிக்க டாலர்த் தாளில் 75 சதவீதம் பருத்தியும் 25 சதவீதம் லினனும் இருக்கின்றன. முதல் உலகப் போர்க் காலத்து விமானங்களின் இறக்கைகளைப் போர்த்தியதும் லினனே.

காலத்தைத் தாங்குவதற்கு இதைவிடப் பெரிய சான்று ஒன்று லண்டன் யூனிவர்சிட்டி காலேஜின் பெட்ரி அருங்காட்சியகத்தில் இருக்கிறது. எகிப்தில் கெய்ரோவுக்குத் தெற்கே தர்கான் என்னும் இடத்தில் தொல்லியலாளர் பிளிண்டர்ஸ் பெட்ரி 1913-இல் ஒரு கல்லறையிலிருந்து அழுக்குத் துணிக் குவியல் ஒன்றை எடுத்து வந்தார். அது பிரிக்கப்படாமலே கிடந்து, 1977-இல் துணிப் பாதுகாப்பு வல்லுநர்கள் சுத்தம் செய்யத் தொடங்கியபோது உள்ளே கைகளில் நுண்ணிய மடிப்புகள் வைத்துத் தைத்த ஒரு லினன் சட்டை வெளிப்பட்டது. கதிரியக்கக் கரிமச் சோதனையில் அதன் காலம் கி.மு. 3482-க்கும் 3102-க்கும் இடைப்பட்டது என்று தெரிந்தது. நெய்து தைத்த ஆடைகளில் இன்று உலகில் எஞ்சியிருப்பவற்றுள் மிகப் பழையதாக அறியப்படுவது அதுவே. வறண்ட மணல் காப்பாற்றியது என்பது ஒரு பாதி. நார் தாங்கியது என்பது மறு பாதி. என்னை நெகிழவைப்பது வேறொன்று: முழங்கை மடங்கும் இடத்திலும் அக்குளிலும் விழுந்த சுருக்கங்கள் அந்தச் சட்டையில் இன்றும் இருக்கின்றன. ஐயாயிரம் ஆண்டுகளுக்கு முன் அதை அணிந்து ஒருவர் கையை மடக்கி நீட்டி நடமாடியிருக்கிறார்.

சுருக்கம் என்றவுடன் லினனின் பெயர் பெற்ற குறை நினைவுக்கு வந்துவிடும். வலிமைக்குக் காரணமான அதே அமைப்புதான் சுருக்கத்துக்கும் காரணம். ஆளிநாரில் மூலக்கூறுகள் நாரின் நீளவாக்கில் ஒழுங்காக நெருங்கி அடுக்கப்பட்டிருப்பதால் அது இழுத்தால் நீளாது. இரண்டு மூன்று சதவீதம் நீள்வதற்குள் அறுந்துவிடும். கம்பளி இழை 30 சதவீதம் வரை நீண்டு மீளும், அதனால்தான் கம்பளியில் விழுந்த மடிப்பு ஒரே இரவில் மறைந்துவிடுகிறது. மீளத் தெரியாத நார் மடங்கிய இடத்தில் மடங்கியபடியே நிற்கும். இதனால் ஒரு பழக்கத்தைக் கட்டாயமாகத் தவிர்க்க வேண்டும்: ஒரே கோட்டில் மீண்டும் மீண்டும் கத்தி போல மடிப்பு வைத்து இஸ்திரி போடுவது. நான் சோதனைக்காகப் பார்த்த பழைய லினன் சட்டைகளில் உடல் பகுதி புதிதுபோல இருக்கும்போதே காலர் மடங்கும் கோடும் கைப்பட்டியின் ஓரமும் மட்டும் வரிசையாக நூல் அறுந்து வெளுத்திருக்கும். பூதக்கண்ணாடியில் வைத்துப் பார்த்தால் நார் தேய்ந்திருக்காது, ஒடிந்திருக்கும். சட்டையை மடித்து அடுக்காமல் தொங்கவிடுவதும், மடித்தே வைக்க வேண்டுமானால் அவ்வப்போது மடிப்பை மாற்றுவதும் ஆடையின் ஆயுளைப் பல ஆண்டுகள் கூட்டும். அணிந்ததால் விழும் மெல்லிய சுருக்கங்களை லினனின் இயல்பாக ஏற்றுக்கொள்வதே என் விருப்பம். அலுவலில் கசங்காத தோற்றம் வேண்டியவர்கள் லினனோடு பருத்தி கலந்த துணியை எடுத்தால் சுருக்கம் ஓரளவு குறையும், லினனின் நன்மையும் அதே அளவுக்குக் குறையும்.

விலை ஏன் கூடுதல் என்பதற்கு வயலில் தொடங்கி விடை இருக்கிறது. உலகில் உற்பத்தியாகும் ஆடை இழைகளில் லினன் ஒரு சதவீதத்துக்கும் குறைவு. அதிலும் பெரும்பகுதி பிரான்சின் நார்மண்டியிலிருந்து பெல்ஜியம், நெதர்லாந்து வரை நீளும் கடலோரப் பட்டையில் விளைகிறது. செடி நூறு நாள் பயிர். நீலப் பூக்கள் காலையில் விரிந்து நண்பகலுக்குள் இதழ் உதிர்த்துவிடும். அறுவடையில் தண்டை அறுப்பதில்லை, நாரின் நீளம் குறையாதிருக்க வேரோடு பிடுங்கி வயலிலேயே வரிசையாகப் படுக்கவைக்கிறார்கள். சில வாரங்கள் பனியிலும் மழையிலும் வெயிலிலும் கிடக்கும்போது பூஞ்சையும் நுண்ணுயிரும் நாரையும் தண்டையும் ஒட்டிவைத்திருக்கும் பசையைத் தின்கின்றன. இடையில் ஒரு முறை புரட்டிப்போட வேண்டும். நாள் குறைந்தால் நார் பிரியாது, நாள் கூடினால் நாரே அழுகிவிடும். மழை பொய்த்தாலும் மிகுந்தாலும் அந்த ஆண்டின் தரம் மாறிவிடும். பிறகு தண்டை நொறுக்கி, அடித்து, எஃகுச் சீப்புகளில் சீவி நீண்ட நாரைத் தனியே பிரிக்கிறார்கள். நேர்த்தியான நூல் வேண்டுமானால் சுடுநீர்த் தொட்டியின் வழியே செலுத்தி, பசை இளகிய நிலையில் நூற்க வேண்டும். பருத்தி ஆலைகள் வேகமாகப் பெருகிய காலத்தில் ஆளிநாரை இயந்திரத்தில் நூற்பது எவ்வளவு கடினமாக இருந்தது என்றால், 1810-இல் நெப்போலியன் அதற்கான இயந்திரத்துக்குப் பத்து லட்சம் பிராங்க் பரிசு அறிவித்தார்.

சுற்றுச்சூழலைப் பற்றிக் கவலைப்படுபவர்களுக்கு இந்தப் பயிரில் மன நிறைவு தரும் செய்திகள் உண்டு. அந்தக் கடலோரப் பகுதியில் அது பெரும்பாலும் மழை நீரிலேயே விளைகிறது, குறைந்த உரமே கேட்கிறது, விதை எண்ணெய்க்கும் தண்டின் சக்கை பலகை செய்வதற்கும் போவதால் வீணாவது குறைவு. ஒரே வயலில் ஆறேழு ஆண்டுகளுக்கு ஒரு முறைதான் இதைப் பயிரிட முடியும் என்பது உற்பத்திக்குத் தடை, மண்ணுக்கு நன்மை. துவைக்கும்போது உதிரும் துகள் பிளாஸ்டிக் அன்று, மண்ணில் மக்கிவிடும். ஆயினும் கடுமையான வெளுப்பும் தரமற்ற சாயமும் இந்த நன்மைகளைக் கரைத்துவிடும் என்பதால், வெளுக்காத பழுப்பு அல்லது சாம்பல் நிறத் துணி கிடைத்தால் அதையே தேர்ந்தெடுப்பேன். அந்த நிறம் வயலில் பனியில் கிடந்ததால் நாருக்கு வந்தது.

வாங்கும்போது முதலில் படிக்க வேண்டியது உள்ளே தைத்திருக்கும் சீட்டு. லினன் தோற்றம், லினன் ஃபினிஷ், லினன் உணர்வு என்றெல்லாம் எழுதியிருந்தால் அது பெரும்பாலும் பருத்தியோ ரேயானோ பாலியெஸ்டரோதான். 100 சதவீதம் லினன் என்று எண்ணோடு இருக்க வேண்டும். பெட் லினன் என்ற பெயரும் ஏமாற்றும், அது இன்று படுக்கை விரிப்புகளின் பொதுப் பெயராகிவிட்டது, உள்ளே இருப்பது அநேகமாகப் பருத்தி. கையில் துணியை இறுகக் கசக்கிப் பத்து நொடி வைத்துவிட்டு விரித்தால் கூர்மையான சுருக்கம் விழ வேண்டும், விழாவிட்டால் கலப்போ பூச்சோ இருக்கிறது. ஓரத்திலிருந்து ஒரு நூலை உருவி, முறுக்கைத் தளர்த்தி இழுத்தால் லினன் நூலில் நேரான, நீண்ட, விறைத்த இழைகள் வெளிவரும். பருத்தி நூலின் முனை குட்டையாகவும் சுருண்டும் பஞ்சாகவும் பிரியும். எரித்துப் பார்ப்பதால் பயனில்லை, இரண்டும் தாள் எரியும் மணத்தோடுதான் எரியும். நூலில் ஆங்காங்கே தெரியும் தடிமன் இயல்பானது. முழுத் துணியும் முடிச்சும் பருமனுமாக இருந்தால் குட்டை நாரில் நூற்றது என்று பொருள், அது விரைவில் நூல் பிரிந்து மயிர் விடும். கனத்தைப் பொறுத்தவரை சட்டைக்குச் சதுர மீட்டருக்கு 120 முதல் 170 கிராம் வரையும், கால்சட்டைக்கு 200 கிராமுக்குச் சற்று முன்பின்னாகவும் இருப்பது நலம். கால்சட்டைக்கு அதைவிட மெல்லியதை எடுத்தால் முட்டியில் பை போலத் தொங்கிவிடும்.

துவைப்பதில் பெரிய சிரமம் எதுவும் இல்லை. முதல் சலவையில் சில சதவீதம் சுருங்கும் என்பதால், தைக்கக் கொடுக்கும் துணியாக இருந்தால் நனைத்துக் காயவைத்த பிறகே வெட்டக் கொடுக்க வேண்டும். 30 அல்லது 40 டிகிரி நீரே போதும். இயந்திரத்தைத் திணிக்காமல் பாதியளவு நிரப்பி, பிழியும் வேகத்தைக் குறைத்து வைத்தால் மடிப்பு ஒடிவது குறையும். குளோரின் கலந்த வெளுப்பான் நாரைத் தின்றுவிடும், அதைத் தொடவே வேண்டாம். துணியை மென்மையாக்கும் திரவங்கள் நாரின் மேல் மெழுகுபோல் படிந்து நீரை வாங்கவிடாமல் செய்கின்றன; எந்தக் குணத்துக்காக லினனை வாங்கினோமோ அதையே அது மூடிவிடும். வெண்மை கூட்டும் பொருள் கலந்த சலவைத்தூள் இயற்கைப் பழுப்பு நிறத்தைச் சில சலவைகளில் மாற்றிவிடும் என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும். துவைத்தவுடன் உதறி, தையல் ஓரங்களை இழுத்து நேராக்கி நிழலில் காயவைத்தால் பாதிச் சுருக்கம் தானாகப் போய்விடும்.

இஸ்திரியை முழுவதும் காயும் முன், தொட்டால் ஈரம் தெரியும் பதத்திலேயே போட வேண்டும். இஸ்திரிப் பெட்டியின் திருகில் நைலான், பட்டு, கம்பளி, பருத்தி என்று ஏறிச்சென்று கடைசியில் லினன் என்று எழுதியிருப்பதைப் பலரும் பார்த்திருப்பார்கள். ஏறத்தாழ 200 டிகிரிச் சூட்டை ஈரத்தோடு தாங்கும் துணி என்பதே அதற்குக் காரணம். நன்கு காய்ந்த லினனை எத்தனை முறை அழுத்தினாலும் சுருக்கம் முழுதாகப் போகாது. நீர் நாருக்குள் புகுந்து இளக்கினால்தான் அது புதிய வடிவத்துக்கு இணங்கும். ஆழ்ந்த நிறத் துணியை உள்புறம் திருப்பிப் போட்டால் மினுமினுப்புத் தடம் விழாது.

முதன்முறையாக வாங்குபவர் ஒரே ஒரு ஆடையோடு தொடங்கலாம்: தளர்வாகத் தைத்த, வெளிர் அல்லது இயற்கை நிற, முழு லினன் சட்டை. முதல் வாரத்தில் அது பிடிக்காமலும் போகலாம். பத்துச் சலவைக்குப் பிறகு அதே சட்டையைக் கையில் எடுத்துப் பாருங்கள். துணி குழைந்திருக்கும், நிறம் சற்று ஆறியிருக்கும், தோளில் அமரும் விதமே மாறியிருக்கும். என்னிடம் உள்ள மிகப் பழைய லினன் சட்டை காலரில் ஒடிந்த பிறகு அதன் முதுகுப் பகுதியை நான்காக வெட்டி வைத்துக்கொண்டேன். பஞ்சு உதிராத துணி என்பதால் மூக்குக்கண்ணாடி துடைக்க இன்றும் அதைத்தான் எடுக்கிறேன்.